மஞ்சள் விளக்கின் மேல் டேப் ஒட்டியவர்களுக்கு

ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தாங்களே ஓட்டிப் பிழைக்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,



போன மாதம் சங்ககிரியிலிருந்து நாமக்கல் வருவதற்கு நம்மாள் ஒருவர் வண்டியில் ஏறினேன். 2018 மாடல். மீட்டர் போர்டில் ஓரிடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி ஒட்டியிருந்தது. என்னப்பா இது என்றேன். “எஞ்சின் லைட்டுங்கண்ணா. ராத்திரி ஓட்டறப்பக் கண்ணைக் குத்துது.” எத்தனை நாளாக எரிகிறது? “போன எஃப்.சி. முடிஞ்சதிலிருந்தே எரியுதுங்க.” சிரித்துவிட்டேன். சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மூன்று வருடம் முன்னால் அதே இடத்தில் அதே டேப்பை ஒட்டியவன்தான் நானும்.

நாம் எல்லாம் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. நடுரோட்டில் ஜாக்கி போட்டு டயர் மாற்றுவோம். ஸ்பிரிங் பட்டை உடைந்தால் கட்டையைக் கொடுத்துக் கட்டி அடுத்த ஊர் வரைக்கும் நகர்த்துவோம். பழைய பம்பு வண்டி ஓட்டிய காலத்தில் ஏர் லாக் ஆனால், கைப்பம்பை அடித்து, நட்டைத் தளர்த்தி, நுரை போகும்வரை டீசலை விட்டு, பத்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பினவர்கள். அப்படிப்பட்ட நமக்கு, ஒற்றை போல்ட்டில் நிற்கிற, கட்டைவிரல் பருமன் பிளாஸ்டிக் சென்சாரைக் கண்டால் மட்டும் கை நடுங்குகிறது. “அது எலக்ட்ரானிக்குங்க, தொடக் கூடாது” என்று ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்லி, ஊரே நம்பிவிட்டது.

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4 புகை விதி வந்தது. மூன்று நாள் முன்புதான் பி.எஸ். 3 வண்டிகளை இனி விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கடைசி இரண்டு நாளில் ஷோரூம் வாசலில் நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் புதுசாக இறங்கிய பி.எஸ். 4 வண்டிகள்தான் இன்றைக்கு எட்டு வயதைத் தாண்டி, வருஷா வருஷம் எஃப்.சி.க்கு நிற்கும் பழைய வண்டிகள். முதலாளி கைமாறி, இரண்டாவது மூன்றாவது ஆளாக நம் கைக்கு வந்திருக்கின்றன. வாரண்டி காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சென்சார்களுக்கும் வயதாகிவிட்டது. அதனால்தான் இந்த மடலை இப்போது எழுதுகிறேன்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் நான் சொல்ல வந்தது எல்லாம் இருக்கிறது.

சித்திரை மாதம். மத்தியான வெயிலில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் நின்றது. இடி இல்லை, புகை இல்லை, திணறல் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. டேங்கில் காற்று இருந்ததால் பிரேக் பிடித்தது; ஓரம் கட்டினேன். செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் மத்தியானம் திரும்பவும் அதே கதை.

ஊர் திரும்பி ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், பழைய எஞ்சினில் கெட்டிக்காரர்கள். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அடுத்த ட்ரிப்பில் மறுபடி நின்றது. ஃபீட் பம்பை மாற்றினார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை, இன்ஜெக்டரையும் பம்பையும் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பலாம் என்றார்கள். அதுவரை என் கையை விட்டுப் போனது பதினேழாயிரம். இனி என்ன ஆகும் என்று கேட்கவே பயமாக இருந்தது. “இந்த லோடு போயிட்டு வந்து பாத்துக்கலாங்க” என்று சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு சோலாப்பூருக்குக் கிளம்பிவிட்டேன்.

கர்நாடகாவில் ஹிரியூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. இந்த முறை கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

“அண்ணா, வண்டி ஆஃப் ஆச்சே, அப்ப கியர்ல உருண்டுட்டு இருந்துதுங்களா?”

“ஆமாப்பா.”

“ஆர்.பி.எம். முள்ளு என்ன பண்ணுச்சு?”

யோசித்தேன். படக்கென்று பூஜ்யத்தில் விழுந்திருந்தது. வண்டி அறுபதில் உருள்கிறது, கிளச்சை நான் மிதிக்கவில்லை, அப்படியென்றால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது முள் எப்படிப் பூஜ்யம் காட்டும்?

“இப்ப செல்ஃப் அடிங்கண்ணா. முள்ளு கொஞ்சமாவது எந்திரிக்குதா பாருங்க.”

எழவில்லை. “டீசலைத் தேடாதீங்கண்ணா. எஞ்சின் சுத்தறது கம்ப்யூட்டருக்குத் தெரியல. கிராங்க் சென்சாரைப் பாருங்க” என்றான். பதினேழாயிரம் செலவழித்துத் தெரியாத விஷயம், ஒரு முள்ளைப் பார்த்ததில் தெரிந்தது.

இந்த சென்சார் செய்வது என்ன? காமன் ரயில் எஞ்சினில் எந்த சிலிண்டருக்கு எந்த நொடியில் டீசலை அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதற்குக் கண் கிடையாது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொல்லும் விரல்தான் கிராங்க் சென்சார். கிராங்கோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல எஞ்சின்களில் 60 பல் இருக்க வேண்டிய வட்டத்தில் 58 தான் இருக்கும். இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்தப் பொக்கை வாய் கடக்கும்போது கம்ப்யூட்டர், ‘இதோ ஒரு சுற்று முடிந்தது’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. 1,500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 1,450 பல் அந்த மூக்கைத் தாண்டுகிறது. சென்சாருக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரை விட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். பல் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்ன மின்துடிப்பு. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த சங்கதிதான். நம் டைனமோவும் அதேதான். எலக்ட்ரானிக் என்று பயப்பட அதற்குள் ஒன்றுமே இல்லை.

வெயிலில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அந்த மெல்லிய கம்பி எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரியும், முனைகள் பிரியும், துடிப்பு நிற்கும், எஞ்சினும் நிற்கும். நாம் டீ குடித்து வருவதற்குள் அது ஆறி ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி எப்போதும் ஆறித்தான் இருக்கும், அதனால் அங்கே வைத்துப் பார்த்தால் குறையே தெரியாது. பட்டறைக்காரரைத் திட்டி என்ன செய்ய?

சில எஞ்சின்கள் கிராங்க் சென்சார் போனால் கேம் சென்சாரை வைத்து ஒப்பேற்றி, இழுவை குறைவாக ஓடும். செல்ஃப் மட்டும் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும். என்னுடையது அந்த ரகம் இல்லை.

சரி, ஹிரியூருக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். பிளைவீல் ஹவுசிங் மேலே, படிந்த எண்ணெய் மண்ணுக்குள், சென்சார் இருந்தது. உங்கள் வண்டியில் முன்பக்கம் புல்லி அருகே இருக்கலாம். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அகப்படும். முதலில் பிரஷ்ஷால் சுற்றிலும் சுத்தம் செய்தேன். இதைத் தவிர்க்காதீர்கள், சென்சாரை எடுத்ததும் ஓட்டைக்குள் மண் விழுந்தால் அது வேறொரு செலவு. கப்ளரின் பூட்டை அழுத்தி, வயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரைப் பிடித்தே உருவினேன். ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். போல்ட் வந்துவிட்டது, சென்சார் வரவில்லை. பல வருடத் துரு. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பத்தான் கை போனது. நெம்பினால் தலை கையோடு வரும், மூக்கு உள்ளேயே நின்றுவிடும். துரு கழற்றும் ஸ்பிரேயை அடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுத்தேன்.

மூக்கில் மீசை முளைத்திருந்தது. காந்தம் அல்லவா, இரும்புத் தூளை இழுத்து வைத்திருந்தது. சில வண்டிகளில் குறையே இந்த மீசைதான். துணியால் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும். துடைத்துவிட்டு மீட்டரை எடுத்தேன். நம் எல்லார் கேபினிலும் கிடக்கிற அந்த மஞ்சள் மல்டிமீட்டர்தான். ஓம்ஸில் 2000 என்ற இடத்தில் வைத்து இரண்டு பின்னிலும் தொட்டேன். 871 காட்டியது. இந்த ரக சென்சார்களில் 860 ஓம் அக்கம்பக்கம் இருந்தால் சரி. ஆக சென்சார் நன்றாக இருக்கிறது! எனக்குத் தலை சுற்றியது. வயரைத் தேடுவதா, பல் சக்கரத்தைத் தேடுவதா?

தம்பிக்கு மறுபடி போன். “எடுத்து எவ்வளவு நேரமாச்சுங்கண்ணா? ஆறிப்போயிருக்கும். வெந்நீர் கெடைக்குமா பாருங்க.”

எதிரே ஒரு டீக்கடை. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் “ஸ்வல்ப பிசிநீரு கொடி” என்று கேட்டு, கண்ணாடி கிளாசில் கொதிநீர் வாங்கினேன். மூக்கு மட்டும் முங்கும்படி சென்சாரைப் பிடித்துக்கொண்டேன். கடைப் பையன் மீட்டரின் இரண்டு முனைகளையும் பின்னில் வைத்துப் பிடித்தான். 871. 890. 930. 1010. செம்பு சூடேறினால் ஓம்ஸ் ஏறுவது சகஜம்தான். அப்புறம் எண் எல்லாம் சட்டென்று மறைந்து, இடது ஓரத்தில் வெறும் 1 என்று நின்றது. கம்பி விட்டுப்போச்சு என்பதற்கு அந்த மீட்டரின் பாஷை அது. தண்ணீரிலிருந்து எடுத்து ஊதினேன். கொஞ்ச நேரத்தில் 900-த்துச் சொச்சம் திரும்பி வந்தது. மறுபடி முக்கினேன். மறுபடி 1. கடைக்காரர், அவர் பையன், டீ குடிக்க வந்த இரண்டு பேர் என எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரமாக என்னை அலைக்கழித்த பேய் ஒரு டீ கிளாசுக்குள் மாட்டியது.

பழைய சென்சாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சித்ரதுர்காவுக்கு பஸ் ஏறினேன். பழசைக் கையில் கொண்டு போகாமல் சென்சார் வாங்காதீர்கள். பார்ட் நம்பர், பின் எண்ணிக்கை, மூக்கின் நீளம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மூக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் துடிப்பு எட்டாது. நீளமாக இருந்தால் பல் அதை முகர்ந்து பார்த்துவிடும். பாதி விலைக்கு டூப்ளிகேட்டும் கடைக்காரர் காட்டினார். வேண்டாம் என்றேன். அசல் ஆயிரத்து எண்ணூறில் முடிந்தது. கழிவுச் சந்தையில் கழற்றிய சென்சார் வாங்குவது டூப்ளிகேட்டை விட மோசம். அதன் கம்பியும் இதே வயதுதானே. ஆனால் வயரோடு சேர்ந்த கப்ளர் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடலாம்.

புதுசை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, கையால் அழுத்தி முழுக்க உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் போல்ட். போல்ட்டை முறுக்கி சென்சாரை உள்ளே இழுக்கப் பார்த்தால் அதன் காது உடையும். மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம். கப்ளர் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். வயரை எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கவிடாமல் டை போட்டுக் கட்டினேன். பேட்டரியைக் கொடுத்துவிட்டு செல்ஃப் அடித்தபோது நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். எழுந்தது. மஞ்சள் விளக்கு அன்றைக்கே அணையவில்லை. இரண்டு மூன்று தடவை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணியபின் தானாக அணைந்தது. சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்க வேண்டியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாரும் ஒரு சென்சார் வாங்கி மாட்டிப் பார்ப்பீர்களோ என்பதுதான் என் கவலை. மாட்டுவது பெரிய வேலையே இல்லை. போனது சென்சார்தானா என்று உறுதி செய்வதுதான் வேலை. எலி கடித்த வயர், வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணி புகுந்து பச்சை பூத்த கப்ளர், அகன்றுபோன பின் என்று பழி சென்சார் மேல் விழுகிற சமாச்சாரங்கள் நிறைய. ஸ்கேனர் காட்டும் கோடு நம்பரும் சென்சாரைக் கைகாட்டுவதில்லை. அந்த வழியில் எங்கோ கோளாறு என்றுதான் சொல்கிறது. கார்களுக்கு விற்கும் சின்ன புளூடூத் ஸ்கேனர் எல்லா லாரியோடும் பேசாது. லாரிகள் பெரும்பாலும் பேசுவது ஜே 1939 என்கிற பாஷை. அதில் எஸ்.பி.என். என்ற எண் ‘எங்கே’ என்று சொல்லும், எஃப்.எம்.ஐ. என்ற எண் ‘எப்படி’ என்று சொல்லும். எஸ்.பி.என். 110 என்றால் எஞ்சின் தண்ணீர்ச் சூடு. அதோடு எஃப்.எம்.ஐ. 3 வந்தால் வோல்ட் ஏறிக் கிடக்கிறது, 4 வந்தால் இறங்கிக் கிடக்கிறது.

இரண்டு வயர் உள்ள அந்தத் தண்ணீர்ச் சூட்டு சென்சாருக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கப்ளரைக் கழற்றுங்கள், எஃப்.எம்.ஐ. 3 ஆக வர வேண்டும். வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு ஓட்டையையும் ஒரு சின்ன கம்பியால் இணையுங்கள். எஃப்.எம்.ஐ. 4 ஆக மாற வேண்டும். இரண்டும் சொன்னபடி மாறினால் வயரும் கம்ப்யூட்டரும் சுத்தம், சென்சாரை மாற்றலாம். மாறாவிட்டால் புது சென்சார் போட்டும் பிரயோஜனம் இல்லை. இதைத் தண்ணீர்ச் சூட்டு சென்சாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதில் கம்பி கொடுத்துப் பார்க்க வேண்டாம். சென்சாரைக் கழற்றுவதாக இருந்தால் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் வேறு ரகம். அதில் ஓம்ஸ் பார்ப்பதில் அர்த்தமில்லை. கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதையும் மீட்டரை வைத்துத்தான். நம் பக்கம் பழகிய பல்பு டெஸ்டர் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து சென்சார் வயரில் வைக்காதீர்கள். 21 வாட் பல்பு 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். சென்சார் வயர் அதற்குப் பிறந்ததில்லை. கம்ப்யூட்டரே போய்விடலாம். பாடி கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம், அதனால் இன்னொன்று: சேஸிஸில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் கம்ப்யூட்டரின் கப்ளர்களையும் கழற்றச் சொல்லுங்கள். “ரெண்டு டாக்குதானுங்க” என்பார்கள். அந்த ரெண்டு டாக்கில் போன பெட்டிகள் உண்டு.

ரயில் பிரஷர் சென்சாரை மட்டும் நாம் தொட வேண்டாம். அதுவும் ஒரு கப்ளரும் ஒரு ஸ்பேனரும்தான், பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் குழாயில் 1,600 பார் வரைக்கும் டீசல் இருக்கிறது. நம் டயரில் காற்று 8 பார் சுமார். இருநூறு டயர் காற்று ஒரு விரல் பருமன் குழாய்க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டீசல் ஊசித் துளையில் பீச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த தடம் மாதிரிதான் இருக்கும். வலிகூட முதலில் இருக்காது. ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம், உடனே ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. பழைய ஞாபகத்தில் ஏர் எடுக்கிறேன் என்று ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்துகிற கைகளுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதற்குப் பட்டறை இருக்கிறது, கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுப்போம்.

புகைக் குழாய் சென்சாரை ஏமாற்றுகிற பெட்டி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு: தெரியாதுங்க. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பழைய சென்சாரை நான் தூக்கிப் போடவில்லை. டேஷ்போர்டு தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், மீட்டரோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். லோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வண்டி நாமக்கல்லில், நாம் வழக்கமாக டீ குடிக்கும் இடத்தில்தான் நிற்கும். யார் வேண்டுமானாலும் வந்து கையில் வாங்கிப் பாருங்கள். போன வாரம் அந்த டேப் ஒட்டிய தம்பி வந்தார். கிளாசில் முக்கி, 1 வந்ததும் பையனைப் போலச் சிரித்தார். தன் வண்டியின் கோடு நம்பரை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அதைப் பார்க்கிறோம். வெந்நீருக்குக் கடைக்காரர் காசு வாங்குவதில்லை. டீயாவது ஆளுக்கொன்று குடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒத்தை வண்டிக்காரன் ஒருவன்,
நாமக்கல்